மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு முகவரி

உலக இணையம் புதிய முகவரி முறைக்கு மாறியதில் மரக்காணம் உப்பளத்தின் பங்கை வரலாறு குறிக்கத் தவறினால், குற்றம் வைஜெயந்தியுடையதல்ல. உப்பள முதலாளி அப்பாவுவின் பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து நிறுத்த, கணினி படித்த அவள் மோட்டாரில் ஒரு பெட்டியை மாட்டி, அதற்கு ஒரு நிரலும் எழுதினாள்.

பழைய முறையில் ஊரே ஒரு முகவரிக்குப் பின்னால் ஒண்டியிருந்ததால், வெளியிலிருந்து மோட்டாரை நேராகக் கூப்பிட வழியில்லை. ஐபிவி சிக்ஸ் என்னும் புதிய முறையில் மோட்டாருக்கே சொந்த முகவரி. அப்பாவு பூரித்துப்போனார். மெக்கானிக் நம்பரை எழுதிவைக்கும் வழக்கப்படி அதையும் கொட்டகைச் சுவரில் எழுதச் சொன்னார். உப்பு வாரும் கொளஞ்சியம்மாள் கோலம் போடுகிற கையால் நீலப் பெயின்டில் எழுதினாள். எழுத்தும் எண்ணுமாக அது சுவரைத் தாண்டி, மூலை திரும்பி, கதவருகே போய் நின்றது.

பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்தது. நெட்வொர்க் மோட்டாருக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. புதுச்சேரியில் இருந்த அப்பாவு, சுவரின் போட்டோவைப் பார்த்துப் பயபக்தியோடு பழைய முகவரியைக் கைப்பேசியில் அடித்தார். மோட்டார் நிற்கவில்லை. தண்ணீர் வரப்பேறி, விளைந்த உப்பைக் கரைத்தது.

"ஏம்மா, செவுத்துல இருக்கறத ஒரு எழுத்து விடாம அடிச்சேன். இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா உன் பொட்டிய கழட்டிட்டு வாட்ச்மேன போட்டுடுவேன்."

"மொகவரி மாறும்ணா. அத அடிக்கறதுக்குக் கட்டம் வெச்சது என் தப்பு."

"பெயின்ட்ல எழுதனது எப்பிடிம்மா மாறும்?"

இதற்கு எந்தக் கல்லூரியும் பதில் சொல்லித்தருவதில்லை. வைஜெயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகவரிக் கட்டத்தையே பிடுங்கி எறிந்தாள். இனி மோட்டாருக்கு ஒரு பெயர். முகவரி மாறும்போதெல்லாம் பெட்டியே போய் அந்தப் பெயருக்கு எதிரே புதியதைப் பதிந்துவிடும். கைப்பேசி பெயரைச் சொல்லி விசாரித்து, கிடைக்கிற முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். முதல் கதவு திறக்கவில்லையென்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பாது.

சோதனை நாளன்று அப்பாவு மறுபடி புதுச்சேரி பஸ் ஏறினார். வைஜெயந்தி வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டாள். முகவரி மாறிவிட்டதைப் பார்த்துக்கொண்டு, மோட்டாரை ஓடவிட்டு, போன் செய்தாள்.

"இப்ப அமுக்குங்கண்ணா."

மோட்டார் ஒருமுறை இருமியது. நின்றது.

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சிண்ணா."

அப்பாவு மனமிரங்கினார்.

"செரி, பொட்டி இருக்கட்டும். அந்தப் புது மொகவரிய மட்டும் சொல்லு, கொளஞ்சியம்மாவாண்ட எழுதச் சொல்லிடறேன்."

வைஜெயந்தி போனை வைத்துவிட்டு, சுவரிலிருந்த முகவரியை அழிக்கச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள். மூலை திரும்பியதும் இன்னொரு வாளி கரைக்கவேண்டியிருந்தது.