நானூறு கிலோ ஜானகிராமன்

காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஜானகிராமன் சிலேட்டில் 400 என்று எழுதிவிடுகிறார். அந்த ஷிப்டில் பாபின்களில் சுற்றி முடிக்க வேண்டிய நூலின் எடை அது, கிலோவில். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, தாமே சுற்றி முடித்தவரைப் போல அந்த எண்ணை ரசிக்கிறார்.

புதுச்சேரி மில் ஒன்றில் அவர் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷமாகிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மானேஜரும் அவருக்கு, அந்தக் காலத்துத் துரைகளைப் போல, 'முசே'தான். பாபின் சுற்றும் பெண்களிடம் மட்டும், "வீத், வீத்! சீக்கிரம்! கை என்னா தூங்குதா?" என்று விரட்டல். அவர் வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டதில்லை. மிஷினைத் தொட்டால்தானே படும்?

போன மாதம் மிஷின்களை நெருக்கிப் போட்டு, ஒருத்திக்கு இரண்டு என்று ஒதுக்கினார். மோட்டார் புல்லியையும் பெரிதாக மாற்றி வேகத்தைக் கூட்டினார். பதினான்கு வருஷமாகப் பாபின் சுற்றும் செல்வாம்பாள் அதைப் பார்த்ததுமே அவரிடம் போய் நின்றாள்.

"இந்த வேகத்துக்கு நூலு அறுந்துகினே இருக்குங்க மேஸ்திரி. ரெண்டு மிஷினுக்கும் ஓடி ஓடி எப்ப முடிச்சு போடறது?"

"முடிச்சு எதுக்கு? அறுந்த முனைய மேல ஒட்டி வுட்டு சுத்து. எடைய கேக்கறாங்களா, முடிச்ச கேக்கறாங்களா?"

எதிர்த்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மனம் கூசக் கூசச் சுற்றினாள்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் தராசு நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மானேஜர் கைகுலுக்கினார். குலுக்கிய கையை ஜானகிராமன் வெகுநேரம் மடக்கவே இல்லை.

மறுநாள் காலை, தறிக்கு நெடுக்கு நூலான பாவு ஓடும் இடத்திலிருந்து பாபின்கள் கூடை கூடையாகத் திரும்பி வந்தன. முழத்துக்கு முழம் நூல் பிரிந்து, தறிகள் பாவில்லாமல் நின்றன. மானேஜர் நேரே வந்துவிட்டார்.

"இவதான் முசே" என்று செல்வாம்பாளைக் காட்டினார் ஜானகிராமன். "முடிச்சு போடத் தெரியாத பொம்பள. சீட்டக் கிழிச்சிடுங்க."

செல்வாம்பாள் கூடைகளிடம் போனாள். பதினான்கு வருஷம்! கூடையிலிருந்து ஒரு பாபினை எடுத்து, பிரிந்து தொங்கிய இரண்டு முனைகளையும் மேஸ்திரியின் கையில் வைத்தாள்.

"முடிச்சே வேணாம்னு சொன்னவரு நீங்க. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். தெரிஞ்சவரு ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

மானேஜர் காத்திருந்தார். ஜானகிராமன் முனைகளை எச்சில் தொட்டு முறுக்கினார், நழுவின. மறுபடியும் முறுக்கினார். பிறகு சேர்ந்த இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நூலை மானேஜரின் கண்ணுக்கு நேரே உயர்த்தினார்.

"சரி, விரல எடுங்க" என்றார் மானேஜர்.

ஜானகிராமன் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.