ஒட்டிய வயிறு

என் பிள்ளையை முதலில் பார்த்தபோது வயிறுதான் கண்ணில் பட்டது. பிறந்த குழந்தைக்கு வயிறு உப்பலாக இருக்கும். இதற்குக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. நெஞ்சு மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். மனைவிக்குத் தலைப்பிரசவம். மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கேஸைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை யார் முதலில் நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வருமாம். அத்தை கையால்தான் சேனை என்று வளைகாப்பிலிருந்தே என் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் குழிந்த வயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"வயிறு ஒட்டிக்கினு கீது பாருடா. பசிலதான் இப்டி இழுக்குது."

சர்க்கரைத் தண்ணீரைப் பாலாடைச் சங்கு நிறைய எடுத்து வாயில் ஊற்றினாள். வேண்டாம் என்ற நர்ஸிடம், நீ எத்தனை பெத்தே என்று கேட்டாள். சற்று நேரத்தில் குழந்தையின் உதடு நீலமானது.

டாக்டரம்மா ஓடி வந்து இடது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுத்து வலது பக்கம் வைத்தார். துடிப்பு அங்கேதான் கேட்டது. அவர் முகம் மாறியது. எதையும் விளக்காமல் டாக்ஸி கூப்பிடச் சொன்னார். நர்ஸ் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஏறினாள். பல்லாவரம் வரை குழந்தை முனகியது. பிறகு முனகலும் நின்றுவிட்டது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தசையாலான ஒரு திரை உண்டு. உதரவிதானம். அதில் இடது பக்கம், பின்புறம், ஒரு ஓட்டை மூடவே இல்லை. அதன் வழியாகக் குடலும் இரைப்பையும் மண்ணீரலும் நெஞ்சுக்குள் ஏறிவிட்டன. நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் குடலின் காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. இதயம் வலது பக்கம் தள்ளப்பட்டிருந்தது. இடது நுரையீரல் கட்டைவிரல் அளவுதான் இருக்கும் என்றார். வலதும் முழுதாக வளரவில்லை. வயிறு ஒட்டியிருந்தது பசியால் இல்லை. உள்ளே இருக்க வேண்டியது அங்கே இல்லை.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு இழுத்தார்கள். காற்றோடு சர்க்கரைத் தண்ணீரும் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து.

அக்கா கொடுத்ததால்தானா என்று சர்ஜனிடம் கேட்டேன்.

"அது மூச்சை இன்னும் கஷ்டப்படுத்துச்சு. ஆனா காரணம் அது இல்லப்பா. கருவுல மூணாம் மாசம் இருக்கும்போதே அந்த ஓட்டை மூடியிருக்கணும்."

குடலை இறக்கி ஓட்டையைத் தைத்தார்கள். தைக்கத்தான் முடியும், வளராத நுரையீரலை வளர்க்க முடியாது என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் பிள்ளை போய்விட்டது.

வீடு திரும்பிய வாரத்திலேயே அக்கா கதை கட்டிவிட்டாள். நிறைமாதத்தில் என் மனைவி லாரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாளாம், அதில் குடல் மேலே ஏறிவிட்டதாம். குழாயடியில் நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். பாலாடையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. தெருவே கேட்கக் கத்தினேன்.

"குடம் தூக்கினதால இல்ல. மூணாம் மாசமே அந்த ஓட்டை இருந்துச்சு. டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. இனிமே எவளாவது வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்."

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாயை அடைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு உள்ளே வந்தேன். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. நான் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"மூணாம் மாசம் நான் இன்னாங்க பண்ணேன்?"

நீ எதுவும் செய்யவில்லை, காரணமே தெரியாது, யாருக்கும் வரலாம் என்று சர்ஜன் சொன்னதைச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. வண்டலூரில் மிருகங்களைப் பார்க்கப் போனது, பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பியது, அன்று சாப்பிட்ட மாங்காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுவா, இதுவா என்று கேட்க ஆரம்பித்தாள்.