பிரான்ஸுக்கு நர்ஸ் கேட்டு வந்தார்கள்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் நான் அப்போது நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். வீடு உப்பளத்தில். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலையில் வேலை குறைந்த பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். என்னோடு நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நானும் அயர்லாந்துக்கு முயன்று, ஆங்கிலத் தேர்வில் அரைப் புள்ளி குறைந்து நின்றிருந்தேன். அந்த நேரத்தில்தான் பிரான்ஸ் மாப்பிள்ளை வந்தார்.

பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் மட்டும் வரவில்லை.

"வக்கான்சுக்கு, அதான் லீவுக்கு, எல்லாரும் சேந்து வர்றதுதான். இந்த வாட்டி அவருக்கு ஒடம்பு கொஞ்சம் முடியல, பிளேன்ல ஒக்கார முடியாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவர் என் சமையலைப் பற்றியோ படிப்பு எவ்வளவு என்றோ கேட்கவில்லை. "ஐ.சி.யு.தானம்மா? டியூப் வழியா சாப்பாடு குடுக்கறதெல்லாம் நீதான் செய்வியா? பெட்சோர், படுக்கப் புண்ணு, பாத்திருக்கியா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். ஒரு பெண்ணின் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது. கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "கை நல்லா பலமா இருக்கு" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அங்க நர்ஸுக்கு அவ்ளோ தட்டுப்பாடு. வந்து எறங்குன ஒடனே வேல. நீ பேப்பர மட்டும் ரெடி பண்ணு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் பிரிவில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். என்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நிச்சயம் முடிந்து அவர்கள் திரும்பிப் போனார்கள். அடுத்த கோடை விடுமுறையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போன் செய்வார்.

நான் காலை ஷிஃப்ட் முடித்து, சாயங்காலம் பிரெஞ்சு வகுப்புக்கு ஓடினேன். படித்த நர்சிங் பள்ளியில் போய் நின்று மூன்று வருட மதிப்பெண்களையும் பயிற்சி நேரங்களையும் எழுதி முத்திரை வாங்கினேன். நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழை எடுத்து வைத்தேன். அனுபவக் கடிதம் கேட்கப் போனபோது மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பிரான்ஸா? நம்ம டிப்ளமோவ அங்க எடுத்துக்கறாங்களான்னு கேட்டியா?"

"அவங்க எல்லாம் விசாரிச்சிட்டாங்க மேடம்" என்றேன். மூன்று மாத நோட்டீஸோடு ராஜினாமாக் கடிதத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன். மொழிக்கு முழு நேரம் வேண்டும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பாரிஸிலிருந்து ஒரு உறை அனுப்பினார். மகனின் பாஸ்போர்ட் நகல், குடும்பப் பதிவேட்டின் நகல், அதோடு பிரெஞ்சில் தட்டச்சு செய்த இரண்டு பக்கத் தாள் ஒன்று. போனில் சொன்னார்: "கடைசியில பென்சில்ல கோடு போட்டிருக்கேன் பாரு, அங்க கையெழுத்து போட்டு அனுப்பிடு. ஒன் வேல விஷயமாத்தான்." எனக்கு அப்போது பிரெஞ்சில் பெயர் சொல்லவும் மணி கேட்கவும்தான் தெரியும். சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளலாம் என்று கோப்பில் வைத்தேன்.

மொழிபெயர்ப்பாளரின் அறை பெரிய வாய்க்கால் ஓரம், ஒரு மாடியில் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கோர்ட்டு, கான்சுலேட் காகிதங்களுக்கெல்லாம் முத்திரை போடும் உரிமை பெற்றவர். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எதுக்கும்மா இதெல்லாம் பிரெஞ்சுல?"

"அங்க நர்ஸா பதிவு பண்ணணும் சார்."

"யாரு சொன்னா?"

"மாமியாரு. ஆகப் போறவங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பண்ணித் தர்றேன், அது என் தொழில். ஆனா இத வச்சு அங்க நர்ஸா வேல செய்ய முடியாதே. இந்தியாவுல படிச்சது அவங்களுக்குச் செல்லாது. பரீட்ச எழுதி, மறுபடியும் அங்க படிக்கணும். வருஷக்கணக்கா ஆவும். உங்கள மாதிரி வந்தவங்களுக்கு நானே செஞ்சு குடுத்திருக்கேன், அங்க போயி ஆஸ்பத்திரில தரயத் தொடைக்கிறாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மனுஷன் ஏதோ பழைய கதை சொல்கிறார் என்றுதான் தோன்றியது. அதற்குள் அவர் அந்த இரண்டு பக்கத் தாளை எடுத்துவிட்டார். முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதுல கையெழுத்து போடலியே?"

"இன்னும் இல்ல சார்."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். கீழே கையெழுத்திடும் நான், இன்னாருடைய வருங்கால மருமகள், பயிற்சி பெற்ற நர்ஸ். பக்கவாதத்தால் எழ முடியாமல் கிடக்கும் என் மாமனாரைக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்வேன். வெளியே எந்த வேலைக்கும் போக மாட்டேன். அதன் கீழே ஒரு பட்டியல். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குழாய் வழியாக உணவு, சிறுநீர்ப் பை மாற்றுவது, புண்ணுக்குக் கட்டு. ஐ.சி.யு.வில் ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைக்கும் குறிப்பு மாதிரியே இருந்தது. ஆள் மாற மாட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"நான் தப்பாப் படிக்கல. சந்தேகமா இருந்தா வேற யாருகிட்டயாவது காட்டுங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

படியிறங்கியது நினைவில் இல்லை. வாய்க்கால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்க தோஷம், என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. அங்கிருந்து நேராகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், டீச்சரிடம் தாளை நீட்டினேன். அவர் வாய்விட்டுப் படித்து, அதே அர்த்தத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, "இது உன் பேருதானே?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். "வண்டி எங்க?" என்று அப்பா கேட்டபோதுதான் ஸ்கூட்டியை மொழிபெயர்ப்பாளரின் மாடிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. "மாமனாரப் பாத்துக்கறதுல என்னடி தப்பு? முடியாம கெடக்கற மனுஷன், நீ நர்ஸ் வேற."

"தப்பில்லம்மா. இத சொல்லிக் கேட்டிருந்தா தப்பில்ல. வேல வாங்கித் தர்றேன்னு ஏன் சொன்னாங்க?"

அப்பா சட்டைகூடக் கழற்றாமல் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். "பையனுக்குத் தெரியுமா?" என்றார். அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்திருக்காது என்று நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைவரை அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டேன், டியூட்டிக்குப் போனேன்.

ஞாயிறு மதியம் போன் வந்தது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அங்க எனக்கு ஆஸ்பத்திரில வேல கெடைக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"



"தெரியும்" என்றார்.

அந்தத் தாளைவிட இந்த ஒரு சொல்தான் என்னை அடித்தது. அவர் மேலே பேசிக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்த உதவியாளர்கள் யாரும் நிலைக்கவில்லையாம். அவர் அம்மாவுக்கு, அப்பாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டதாம். "நர்ஸ்னா உங்களுக்குப் பழக்கம்தான, கஷ்டமா இருக்காதுன்னு அம்மா சொன்னாங்க. உங்களுக்கு முன்னாடி பாத்த ரெண்டு பொண்ணும் நர்ஸ்தான்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"புண்ணு எங்க இருக்கு?"

"முதுகுக்குக் கீழ."

"எவ்ளோ பெருசு? எலும்பு தெரியுதா?"

"தெரியலங்க. நாத்தம் வருது."

"டாக்டர நாளைக்கே கூப்புடுங்க, தள்ளிப் போடாதீங்க. ஒரே பக்கமா படுக்க வெக்காதீங்க. காலுக்கு நடுவுல தலவாணி வையுங்க. ஈரம் படாமப் பாத்துக்கங்க." அப்பாவும் அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு எனக்கே திகைப்பாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இந்தக் கல்யாணம் வேணாங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "தேங்க்ஸ்" என்றார். கல்யாணத்தை நிறுத்தியதற்கா, தலையணைக்கா, தெரியவில்லை.

நிச்சயப் புடவையை அப்பாவே எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடியில் இருந்த மாப்பிள்ளையின் மாமா வீட்டுக்குப் பஸ்ஸில் போனார். "பிரான்ஸ் வேணாம்னு சொல்ற குடும்பத்த இப்பத்தான் பாக்கறேன்" என்று அந்த மாமா தெருவில் நின்று கத்தினாராம். அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. பக்கத்துத் தெருக்காரர் வந்து சொன்னார். சொந்தத்தில் பலருக்கு நான் திமிர் பிடித்தவள் ஆனேன்.

மருத்துவமனையில் என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். வேறொரு சின்ன மருத்துவமனையில் பொது வார்டில் சேர்ந்தேன். ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதினேன், இந்த முறை அரைப் புள்ளி கிடைத்தது. பிரான்ஸுக்காக வாங்கிய அதே காகிதங்களை அயர்லாந்துப் பதிவுக்கு அனுப்பினேன். பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சில மாதம் மேற்பார்வையில் வேலை செய்தால் பதிவு தருவோம் என்று எழுதியிருந்தார்கள். பிறகு போனேன், பதிவும் கிடைத்தது.

அந்தப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்: அந்தப் பையனுக்குக் காரைக்காலில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். பெண் நர்ஸ்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு அந்தத் தாளை யார் படித்துச் சொல்லியிருப்பார்கள்? விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக்கால் பஸ் ஏறினேன். அவள் வேலை செய்த மருத்துவமனையைத் தேடிப் பிடித்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவளை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாமனார் படுத்த படுக்கையா இருக்காரு, நர்ஸ் வேல அங்க செல்லாது, எல்லாம் சொல்லித்தான் கேட்டாங்க. முன்னாடி ஒரு பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சாம், அதுலேருந்து மறைக்கறதில்லன்னு அவரே சொன்னாரு. ரெண்டு வருஷம் பாத்துக்கறேன், அப்புறம் என்னைப் படிக்க வெக்கணும்னு எங்க அப்பா எழுதியே வாங்கிட்டாரு."

நான் சுமந்துகொண்டு வந்த எச்சரிக்கை அத்தனையும் அங்கேயே நின்றுபோனது. அவள் டிபன் பாக்ஸ் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"அப்போ நீங்கதானாக்கா அது? ஏன் வேணாம்னீங்க?"

"எனக்குச் சொல்லல" என்றேன். அவள் தலையசைத்தாள். பிறகு, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று என்னை எதிர்க்கடைக்குக் கூட்டிப் போய் எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தாள்.