என் கண்ணைக் குறி பாருங்கள்

மம்சாபுரத்துத் தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

கடைக்காரர் என்னைவிட வயதில் சிறியவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய்க் கறை படிந்த முழுக்கைச் சட்டை. எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் மடக்கித் திறந்து, குழலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடத்துக்கு முன் அவரே பார்த்து வைத்ததாக இருந்தாலும் மறுபடி பார்ப்பார்.

அப்படிப் பார்த்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, எனக்கு எதிரே போய் நின்றார்.

"தோள்ல வச்சு என் கண்ணக் குறி பாருங்க. பின்கட்டை உங்களுக்கு நீளமா குட்டையான்னு இங்கன நின்னு பாத்தாத்தான் தெரியும்."

வைத்தேன். குழல்களுக்கு மேலே அவருடைய வலது கண் மட்டும் தெரிந்தது. அது இமைக்கவே இல்லை.

"உள்ள தோட்டா இருக்கான்னு பாத்தீகளா?" என்றார்.

"நீங்கதான பாத்தீக?"

"நான் பாத்தது எனக்கு. சுடப் போறது நீங்கல்லா?"

இறக்கித் திறந்து, சுண்டுவிரலை விட்டேன். காலிதான். ஆனாலும் மறுபடி தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வந்தவரிடமும் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, அதேபோல் எதிரே நின்றார். இப்போது நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவருடைய ஒரு கை மற்றொரு கையின் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

முன்னால் அந்தக் கண் இமைத்திருக்காது.