துவக்கு வேண்டாமென்ற தியாகலிங்கத்தார்

ஆறாம் மாடிக்கு வந்த பார்சலைத் தூக்கி, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் தியாகலிங்கத்தார். பாரம் இல்லை. முகம் கொஞ்சம் தெளிகிறது. மூன்றாம் மாடிக்கு வந்ததைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. "இவனுக்கென்ன, கிழமைக்கொரு பெட்டி?" என்று பக்கத்திலிருக்கும் பூச்சாடியிடம் கேட்கிறார்.

கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அவர்தான் சுப்பர். குழாய் ஒழுகினாலும், லிஃப்ட் நின்றாலும், கதவுத் திறப்பைத் தொலைத்தாலும் எல்லாரும் தேடுகிற ஆள். இடுப்பில் தொங்கும் திறப்புக் கொத்தின் சத்தம் அவருக்கு முன்னே நடந்து வரும். யார் புதுக் கார் எடுத்தது, யாருடைய மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது என்று ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொன்றும் அவரைச் சின்னதாகக் கடிக்கும். கடித்த இடத்தில் தடவ அவரிடம் ஒரே மருந்துதான்.

"ஒஷாவாவில வீடோ? எனக்கும் காட்டினவங்கள். நான்தான் வேண்டாமெண்டு விட்டனான்."

அவர் வேண்டாமென்று விட்டவற்றையெல்லாம் சேர்த்தால் இன்னொரு ஸ்காபரோ கட்டலாம்.

பதினோராம் மாடி நீக்கிலாஸ் கூரை வேலை செய்பவன். நாற்பது வயது, வெயிலில் கறுத்த கழுத்து, பெரிய சிரிப்பு. இலையுதிர் காலத்தில், தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரனோடு வடக்கே மான் வேட்டைக்குப் போவான். சுடுகிற துவக்கு அந்த வெள்ளைக்காரனுடையது; நீக்கிலாஸ் வெறுங்கையோடு பற்றைகளுக்குள் நடந்து மானைக் கலைத்து அவன் பக்கம் விரட்டிக் கொடுப்பான். தன் பங்கு இறைச்சியைக் கொண்டுவந்து கட்டடமெல்லாம் பகிர்வான். அன்றைக்கு வாசல் மண்டபத்தில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று கதை கேட்கும். சுப்பரைக் கடந்து போகிறவர்கள்கூட அன்றைக்கு அவரிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்பதில்லை.

"இஞ்சாருங்கோ, உப்பிடி ஒரு இறைச்சி நான் இந்த நாட்டுக்கு வந்து தின்னேல்லை. பஞ்சு மாதிரிக் கிடக்கு," என்றார் மனைவி கமலாம்பிகை. தியாகலிங்கத்தார் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நார்," என்றார்.

அவருக்குத் துவக்கு என்றால் ஆகாது. அந்தக் கொள்கையை அவர் கடையில் வாங்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது. பக்கத்துப் பிளாசாவில் வெடிச்சத்தம் கேட்ட கிழமை மண்டபத்தில் பத்துப் பேர் கூடியபோது, நீக்கிலாஸ் தானும் ஒரு துவக்கு வாங்க லைசன்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னான்.

"உந்தச் சாமானுக்குப் பயந்துதானே தம்பி ஓடி வந்தனாங்கள்," என்றார் தியாகலிங்கத்தார். "இஞ்சையும் வந்து காசு குடுத்து வாங்கிக் கட்டிலுக்குக் கீழ வைக்கப் போறீரோ?"

"அண்ணை, பிளாசாவில சுட்டவன் லைசன்ஸ் எடுத்தே சுட்டவன்? அது களவா எல்லை கடந்து வந்த கைத்துவக்காத்தான் இருக்கும். நான் கேக்கிறது மானுக்கு. கட்டிலுக்குக் கீழ வைக்கேலாது. பூட்டித்தான் வைக்க வேணும். சட்டம் இருக்கு."

"சட்டம் பூட்டச் சொல்லும். கோவம் வாற நேரம் திறப்பு ஆரின்ர கையில இருக்கும்?"

கூடியிருந்தவர்கள் அவர் பக்கம் தலையாட்டினார்கள். தியாகலிங்கத்தாருக்கு அது நல்ல நாள்.

நீக்கிலாஸ் வேறு வழி கண்டான். "எதிர்க்கிறதெண்டாலும் தெரிஞ்சு எதிர்க்க வேணும் அண்ணை. வகுப்புக்கு என்னோட வாங்கோ." லைசன்ஸுக்கு முன் எடுக்க வேண்டிய வார இறுதி வகுப்பு அது. அவர் போனார். எழுத்துச் சோதனையில் நீக்கிலாஸைவிடக் கூடப் புள்ளி. செய்முறைச் சோதனையில் குண்டில்லாத துவக்கைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தோளில் வைத்தபோது, அவருக்கென்றே அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அப்போது பின்னாலிருந்து வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாத்தியார் கூப்பிடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதா? தியாகலிங்கத்தார் பணிவோடு முழுதாகத் திரும்பினார். கையிலிருந்த துவக்கும் திரும்பி வாத்தியாரின் வயிற்றை நோக்கி நின்றது.

அந்த இடத்திலேயே ஃபெயில்.

"வாத்தியாரையே சுடப் பாத்திட்டியள் அண்ணை," என்று பாஸான நீக்கிலாஸ் காரில் வீடுவரை சிரித்தான். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் மண்டபத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்: "துவக்கு லைசன்ஸோ? படிச்சுப் பாத்தனான். வேண்டாமெண்டு விட்டனான்." தோளில் அது பொருந்தியதைக் கமலாம்பிகைக்கும் சொல்லவில்லை.

விண்ணப்பத்துக்கு, ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயர் வேண்டும். நீக்கிலாஸ் கொடுத்த ஒரு பெயர் தியாகலிங்கத்தாருடையது.

"என்னையோ? விசரே உமக்கு?"

"நீங்கள் துவக்குக்கு எதிரான ஆள். நீங்களே ஓமெண்டால் பிறகு ஆர் இல்லையெண்டுவான்?"

இப்படி ஒரு நம்பிக்கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தலையாட்டினார். அதன் பிறகு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார்.

அழைப்பு வந்தபோது குப்பை அறையில் நின்றார். துவக்கு லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இங்கிலிஷில் பேசினாள், இனிமையாக. நீக்கிலாஸை எவ்வளவு காலமாகத் தெரியும்? குடிப்பாரா? வீட்டில் சண்டை உண்டா? கோபம் வருமா?

கோபம். ஒரு முறை தன் பார்க்கிங்கில் யாரோ காரை விட்டதற்கு நீக்கிலாஸ் நிலக்கீழ்த் தளம் அதிரக் கத்தியிருக்கிறான். அதைச் சொன்னால் பொய்யாகாது. "கோபக்காரன்" என்ற ஒரு சொல் போதும். லைசன்ஸ் அங்கேயே நின்றுவிடும். அடுத்த இலையுதிர் காலத்திலும் வெறுங்கையோடு மான் கலைப்பான். சொல்லு என்றது கொள்கை. சொல்லு என்றது உள்ளே கடிப்பதும். இரண்டும் ஒரே குரலில் பேசியதால் எது எதுவென்று அவருக்குப் பிரிக்க முடியவில்லை.

லைனில் இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

சத்தம் போடுவார், கை ஓங்க மாட்டார் என்றார் தியாகலிங்கத்தார். இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுச் சண்டையும் என் காதுக்கு வராமல் போகாது. அவருடைய வீட்டிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அவர் துவக்கு வைத்திருந்தால் உங்களுக்குப் பயமில்லையா என்று கடைசியாகக் கேட்டாள். குப்பைப் பையின் வாயைக் கட்டி முடித்துவிட்டு, இல்லை என்றார்.

பின்னேரம் நீக்கிலாஸ் தார் மணக்க வேலையால் வந்தான். லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தவன் திரும்பிக் கேட்டான்.

"அண்ணை, லைசன்ஸ்காரங்கள் கோல் ஏதும் எடுத்தவங்களோ?"

"இல்லையே தம்பி," என்றார் தியாகலிங்கத்தார். "இன்னும் வரேல்லை. சிலவேளை வராமலும் விடும்."

நீக்கிலாஸின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் அது முழுதாக இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உள்ளே நீட்டி, அவனுக்காகப் பதினோராம் மாடியின் பொத்தானைத் தானே அழுத்திவிட்டார்.