திரை இருண்ட ஆட்டம்

கம்பம் வாழைக்காய் மண்டி குருசாமி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் தேனி பஸ்ஸில் இருந்தேன். “நெஞ்சு வலிக்குதுன்னாக அத்தை, ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கல” என்றாள். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் சதுரங்கம் ஆடிய உங்களுக்கும் அந்தச் செய்தி இந்நேரம் வந்திருக்கும்.

அண்ணனுக்கு நேர விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. “காயை விட்டா அடுத்த ஆட்டத்துல பிடிச்சுக்கலாம், நேரத்த விட்டா விட்டதுதான்” என்பார். நம் பழைய சாவிக் கடிகாரம் நின்றுபோனதும், வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று சதுரங்கக் கடிகார சாஃப்ட்வேர் தேட உட்கார்ந்தார். ஒன்று நடு ஆட்டத்தில் விளம்பரம் காட்டியது. இன்னொன்று நிமிடங்களை வெள்ளைக்காரி குரலில் எண்ணியது. மூன்றாவது அவருக்குப் பிடித்துப்போனது. ஸ்பேஸ்பாரை, ஏன் எந்த விசையைத் தட்டினாலும், ஒருவர் நேரம் நின்று மற்றவர் நேரம் ஓடும். யாரும் தவறி கிளிக் செய்துவிடக் கூடாதென்று மவுஸைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். கவனம் சிதறுமென்று சத்தத்தையும் அடைத்தார்.

தேனி மாவட்டப் போட்டிக்கு நம் குழுவிலிருந்து ஒருவர்தான் போகலாம். கடைசியில் நின்றது அவரும் நானும். எனக்கு அந்த இடம் வேண்டும். “அடுப்புல சோத்த வச்சுட்டு காய் நகத்தப் போறா” என்று வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

அந்தக் கடைசி ஆட்டத்தில் யானையை வெட்டுக் கொடுக்கலாமா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தபோது எந்த விசையும் தொடப்படாமல் கிடந்த கம்ப்யூட்டரின் திரை தானாக அணைந்து இருண்டது.

“அண்ணே, எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

“தெரியலையேம்மா. எழுப்புறேன்னு எதையும் தட்டிராத. தட்டுனா உன் முறை முடிஞ்சிரும்.”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது எனக்கு. யானையைக் கொடுத்தேன், தட்டினேன். திரை விழித்தது. என் பக்கம் பூஜ்யம்.

விதிப்படி அண்ணன் ஜெயித்துவிட்டார். அவர் வாய்ச்சொல்படியும்தான். திரையையே முறைத்துக்கொண்டிருந்தவர், காய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

“பாக்க முடியாத கடியாரம் யாருக்கும் ஓடக் கூடாது. மொதல்லருந்து ஆடு.”

ஆடினோம். இரக்கமே காட்டாமல் என்னை நசுக்கியெடுத்தார். தேனிக்கு அவர்தான் போனார். என் ஊர் ஓடைப்பட்டிக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் இந்த முறை எந்த நகர்வில் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வரும் ஞாயிறு ஆட்டம் என் வீட்டில், வாருங்கள். அதே சாஃப்ட்வேரை ஏற்றி, திரை அணையாதபடி மாற்றி வைத்திருக்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்: தோற்கப்போகிறவளுக்கும் கடிகாரம் தெரிய வேண்டும்.