வளைவுகள் மேல் போட்ட பழி

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு பழைய காரை டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் யாராவது தலை சுற்றுகிறது என்றால், மலைப்பாதை வளைவுகள் மேல் பழியைப் போட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டுவேன். அதற்காகவே நாலு பழம் வைத்திருப்பேன். அதில் பெருமை வேறு.

பனி மூடிய ஒரு காலை, பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டில் ஒரு டீச்சரம்மா கைக்குழந்தையோடு ஏறினார். சர்ச்சுக்குள் போன கணவருக்காகக் காத்திருந்தோம். நிறுத்தினால் குளிரில் மறுபடி கிளம்பாது என்று இன்ஜினை ஓடவிட்டிருந்தேன். குழந்தைக்காகப் பின்கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்.

"ஏனுங்க, தலை நொம்பச் சுத்துதுங்க."

பழக்கத்தில் பழத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வண்டி இன்னும் நகரவே இல்லீங்களே. வளைவு எங்கீங்க வந்துச்சு?"

குழந்தையைத் தட்டினார். அது கண் திறக்கவில்லை. இருவரையும் வெளியே இறக்கினேன். குளிர்காற்று பட்டுச் சற்று நேரத்தில் அது அழுதது.

கணவர் வந்ததும் மூவரையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே பானட்டைத் தூக்கினேன். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து, இன்ஜினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் காட்டினேன். நேராக எழுந்த புகை அங்கே மட்டும் சிதறியது. இணைப்பைச் சுற்றிக் கரி. அங்கே கசிந்த இன்ஜின் புகைதான், பின்சீட்டின் கீழே துருப்பிடித்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. காலையில் அந்த இணைப்பிலிருந்து வரும் டிக் டிக் சத்தம் வண்டி சூடானதும் நின்றுவிடும் என்பதால், மாதக்கணக்காக அதைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

என் பக்கக் கண்ணாடியை எப்போதும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். எனக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை.